இழுக்கும் வலு வேறு, நிறுத்தும் வலு வேறு

அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் அன்றாடம் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. பஸ் வண்டியை ஒத்த பெரிய வாகனமொன்று முன்னே செல்லும். அதன் பின்னால், சாரதி இல்லாத சிறிய காரொன்று நான்கு சில்லுகளும் தரையில் உருளத் தொடர்ந்து செல்லும். முன்னே செல்வது படுக்கையறை, சமையலறை, குளியலறை ஆகியன அமைந்த மோட்டார் இல்லமாகும். ஓய்வுபெற்ற தம்பதியர் பலர் மாதக்கணக்கில் இதிலேயே வாழ்ந்து நாட்டைச் சுற்றி வருகின்றனர். இவற்றுட் பெரியவை டீசல் இயந்திரத்தைப் பின்புறத்தில் கொண்டவை. நீளம் 40 அடியையும், பாரம் 30,000 இறாத்தலையும், அதாவது 13 தொன்னையும், தாண்டுவது சாதாரணமானது.

இத்தகைய வாகனத்தை வைத்திருப்பவருக்குச் சிறிய கார் எதற்கு என்ற கேள்வி எழலாம். மோட்டார் இல்லம் தங்குமிடத்தை அடைந்து, நீர்க் குழாயும் மின்னிணைப்பும் பொருத்தப்பட்டதும் ஒரு வீடாகிவிடுகின்றது. பாண் வாங்குவதற்கும் வைத்தியரிடம் செல்வதற்கும் வீட்டையே கிளப்பிக்கொண்டு போக முடியாது. சில வீதிகளில் அதற்கு அனுமதியும் இல்லை. மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவினூடாகச் செல்லும் புகழ்பெற்ற மலைவீதியின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வாகனங்கள் செல்ல முடியாது. எனவே பெரிய வாகனத்தை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுக் காரில் ஏறுவதே வழக்கம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் சிக்கல் எதுவும் இல்லை. பாரவூர்திகளுக்கென உருவாக்கப்பட்ட டீசல் இயந்திரத்திற்கு 4,000 இறாத்தல் காரொன்று பெரிய சுமையல்ல. ஏற்றத்திற்கூட அதன் பாரம் சாரதிக்குத் தெரிவதில்லை. ஆயின் ஆபத்து தொடங்குவதும் இந்த இடத்திற்றான். இழுப்பதற்கான வலு இயந்திரத்திடம் தாராளமாக உண்டு. நிறுத்துவதற்கான வலு அதே அளவில் இருக்கின்றதா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

காரைக் கொண்டுசெல்ல மூன்று வழிகள் உள்ளன. முழுக் காரையும் இழுவைப் பெட்டியின்மீது ஏற்றிச் செல்வது ஒன்று. முன்சில்லுகளை மட்டும் இருசில்லுத் தாங்கியொன்றில் ஏற்றி, பின்சில்லுகளை உருளவிடுவது மற்றொன்று. மூன்றாவது, இழுவைச் சட்டத்தினால் காரை நேரடியாகப் பிணைத்து நான்கு சில்லுகளையும் உருளவிடுவது. தங்குமிடத்தில் பெட்டியையோ தாங்கியையோ வைப்பதற்கு இடம் தேடவேண்டியதில்லை என்பதால், மூன்றாவது முறையே பலராலும் விரும்பப்படுகின்றது.

ஆனால் எல்லாக் கார்களும் அதற்கு ஏற்றவையல்ல. ஓட்டோ கியர் கார்கள் பலவற்றில், கியர் பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்பியை இயக்குவது காரின் இயந்திரமே. இயந்திரம் நின்றிருக்கச் சில்லுகள் மட்டும் சுழலுமாயின், கியர் பெட்டியின் உட்பாகங்கள் எண்ணெயின்றி உராய்ந்து, சூடேறிச் சிதைந்துவிடும். நியூட்ரலில் விட்டாற் போதும் என்ற நம்பிக்கை இவ்விடத்தில் உதவுவதில்லை. ஜீப் ரங்லர் போன்றவற்றில் நான்கு சில்லுகளுக்கும் வலுவைப் பகிரும் துணைக் கியர் பெட்டியை நியூட்ரலில் வைத்து, பிரதான கியர் பெட்டியை முற்றாகத் துண்டித்துவிட முடிகின்றது. மோட்டார் இல்லத்தாரின் விருப்பத்திற்குரியதாக இருந்த ஹொண்டா சீஆர்-வீ, 2015ஆம் ஆண்டு மாதிரியில் வேறுவகைக் கியர் பெட்டிக்கு மாறியபோது இவ்வாறு இழுக்கப்படும் தகுதியை இழந்தது. பெயர் ஒன்றாயினும் ஆண்டுக்கு ஆண்டு விதி மாறுகின்றது. ஆகவே அயலவரின் அனுபவத்தை நம்பாது, அந்தந்த ஆண்டின் உரிமையாளர் கைநூலைப் பார்ப்பதே தகும்.

அடுத்தது பாரக் கணக்கு. மோட்டார் இல்லமும் அது இழுக்கும் காரும் சேர்ந்து இவ்வளவு பாரத்தையே கொண்டிருக்கலாம் என்ற உச்ச அளவைத் தயாரிப்பாளர் குறித்திருப்பார். உதாரணமாக அது 36,000 இறாத்தல் எனக் கொள்வோம். நீர், எரிபொருள், பயணிகள், பொருட்கள் யாவும் ஏற்றப்பட்ட மோட்டார் இல்லத்தின் பாரம் 32,500 இறாத்தலாயின், காருக்கு எஞ்சுவது 3,500 இறாத்தலே. பின்புறக் கொளுவியில் 10,000 இறாத்தல் என்று பொறிக்கப்பட்டிருப்பதனால் இந்தக் கணக்கு மாறிவிடாது. கொளுவி, இழுவைச் சட்டம், காரில் பொருத்தப்படும் அடித்தகடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லையுண்டு. இவை எல்லாவற்றிலும் மிகக் குறைந்ததே உண்மையான எல்லையாகும். பாரவூர்தித் தரிப்பிடங்களிலுள்ள தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது ஊகத்திற்கு முற்றுப்புள்ளி வைத்துவிடும்.

இனி நிறுத்துதல். மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் காரின் இயக்கச் சக்தியானது, அக்கார் சுமார் 36 மீற்றர் உயரத்திலிருந்து கீழே விழுந்தால் பெறும் சக்திக்குச் சமன். அதாவது பத்து மாடிக் கட்டிடமொன்றின் உச்சியிலிருந்து விழுவதற்கு ஒப்பானது. பிறேக் பிடிக்கும்போது, மோட்டார் இல்லத்திற்குரிய சக்தியோடு இதனையும் யாரேனும் உறிஞ்சியாக வேண்டும். காரின் பிறேக்குகள் இயங்காவிடின் அந்தச் சுமை முழுவதும் மோட்டார் இல்லத்தின் பிறேக்குகளைச் சாரும். இதனாலேயே காரின் பிறேக் மிதியை முன்வாகனத்தோடு ஒத்திசைவாக அழுத்தும் துணைக் கருவி தேவைப்படுகின்றது. சட்டம் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகின்றது. இழுக்கப்படும் வாகனத்திற்குத் தனிப் பிறேக் அவசியம் என்பதற்குப் பல மாநிலங்கள் 3,000 இறாத்தலையும், கலிபோர்னியா 1,500 இறாத்தலையும் எல்லையாகக் கொண்டுள்ளன. இணைப்பு அறுந்து கார் பிரிந்துவிட்டால் அதன் பிறேக்கைத் தானாகவே பிடிக்கும் ஆளியும், குறுக்காக இணைக்கப்படும் பாதுகாப்புச் சங்கிலிகளும் இதே காரணத்திற்காகவே வேண்டப்படுகின்றன.

டீசல் இயந்திரத்தின் தனித்தன்மையொன்றும் இங்கு கவனிக்கத்தக்கது. பெற்றோல் இயந்திரத்தில் காலை எடுத்ததும் வளி உள்வரும் வழி அடைபடுவதால் இயந்திரமே வாகனத்தைப் பின்னிழுக்கும். டீசல் இயந்திரத்தில் அத்தகைய அடைப்பு இல்லாமையால் இந்த இயல்பான தடை மிகக் குறைவு. ஆகவேதான் புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் துணைப் பிறேக் பொருத்தப்படுகின்றது. கொலராடோவில் சுமார் 11,000 அடி உயரத்திலுள்ள ஐசனோவர் சுரங்கவழியைக் கடந்து இறங்கும் சாலையில், நூறு அடிக்கு ஆறேழு அடி வீதம் சரிவு மைல்கணக்கில் நீள்கின்றது. மிதி பிறேக்கை மட்டும் நம்பி இறங்குபவரின் பிறேக்குகள் சூடேறிப் பிடிப்பை இழக்கக்கூடும். கட்டுப்பாடிழந்த பாரவூர்திகள் ஏறி நிற்பதற்கென அங்கே தனி மேட்டுவழிகள் அமைக்கப்பட்டிருப்பது காரணமின்றியல்ல.

பெரிய வாகனத்தின் வலுவே சில சமயம் சாரதியை ஏமாற்றிவிடுகின்றது. காரின் ரயர் வெடித்தாலோ, கைப்பிறேக் விடுவிக்கப்படாது சில்லுகள் இழுபட்டாலோ, 40 அடிக்கு முன்னால் அமர்ந்திருப்பவருக்கு அது தெரியவராது. உராய்வில் எழும் சூடு தீயாக மாறிய பின்னரே பலர் அறிகின்றனர். பின்புறக் கெமராவும் ரயர் அமுக்கத்தை அறிவிக்கும் கருவியும் ஆடம்பரமல்ல என்பது இதனாலேயே. இன்னொன்று, நான்கு சில்லுகளில் இழுக்கப்படும் காருடன் பின்னோக்கிச் செல்லக்கூடாது. முன்சில்லுகள் பக்கவாட்டில் திரும்பிச் சட்டம் வளைந்துவிடும். தவறான ஒழுங்கையில் நுழைந்தவர் இறங்கிக் காரைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில், சொந்தப் பாவனைக்குரிய மோட்டார் இல்லத்தைச் செலுத்த வர்த்தகப் பாரவூர்திச் சாரதிகளுக்குரிய அனுமதிப்பத்திரம் வேண்டப்படுவதில்லை. நேற்றுவரை சிறிய கார் ஓட்டியவர் இன்று 15 தொன் வாகனத்தையும் அதன் பின்னே ஒரு காரையும் செலுத்தலாம். சட்டம் விட்ட இடைவெளியை அவரது நிதானமே நிரப்ப வேண்டியுள்ளது.

எமது நாட்டில் மோட்டார் இல்லங்கள் அரிது. எனினும் பழுதடைந்த காரைக் கயிற்றில் கட்டி இழுக்கும் பழக்கம் எங்கும் உண்டு. யப்பானிலிருந்து வந்த ஓட்டோ கியர் கார்களும் ஹைபிரிட் கார்களும் எமது வீதிகளில் நிறைந்துள்ளன. இழுப்பதற்கு ஒரு கயிறு போதும் என்பவர், இயந்திரம் நின்ற காரில் பிறேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிவிடும் என்பதையும், கியர் பெட்டிக்கு எண்ணெய் செல்லாது என்பதையும் எண்ண வேண்டும். ஹைபிரிட் காரின் இயங்கு சில்லுகள் தரையில் உருள இழுக்கப்பட்டால் அதன் மின்மோட்டார் மின்னைப் பிறப்பித்துச் சேதத்தை விளைவிக்கலாம். சில்லுகளைத் தரையிலிருந்து தூக்கிச் செல்லும் வாகனத்தை அழைப்பதற்கான செலவு, சிதைந்த கியர் பெட்டியின் விலையோடு ஒப்பிடுகையில் அற்பமானதே. வீதியில் எதிரே வருபவரின் உயிரோடு ஒப்பிடுவதற்கோ அதில் ஒன்றுமில்லை.