கூட்டக் குறிப்பெழுத ஏஐ உதவியாளர்: தெரிவு செய்ய முன் கவனிக்க வேண்டியவை

சென்ற வருடம் எங்களது வியாபாரத்தில் ஒரு மனக்கசப்பு ஏற்பட்டது. புறக்கோட்டையில் நானும் நானாவும், கண்டிக் கிளையில் மச்சானும் என மூவர் சேர்ந்து ஹார்ட்வெயார் வியாபாரம் செய்து வருகிறோம். மாதத்தில் ஒரு முறை ஸூம் மூலம் கூடிப் பேசுவோம். அவ்வாறான ஒரு கூட்டத்தில், கண்டியிலுள்ள ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு 12 இலட்சம் ரூபா சரக்கைக் கடனுக்குக் கொடுக்கத் தீர்மானித்தோம். தவணை 60 நாள் என்று மச்சான் பில் போட்டார். "நான் 45 நாள் என்டுதானே சொன்னேன்" என்றார் நானா. எனக்கும் 60 என்றுதான் ஞாபகம். ஆனால் ஒருவரும் எழுதி வைத்திருக்கவில்லை.

அந்தப் பணம் வருவதற்கு முன்பே, இறக்குமதியாளருக்கு நாங்கள் கொடுத்திருந்த பிற்திகதியிட்ட காசோலை வங்கிக்கு வந்துவிட்டது. நானா தனது சொந்தப் பணத்தைப் போட்டு அதனைச் சமாளித்தார். பணத்தை விட, இரண்டு வாரமாக அவர் முகம் கொடுத்துப் பேசாததுதான் எனக்குப் பெரும் கவலையாக இருந்தது.

இதனைக் கண்ட மச்சானின் மகன், "மாமா, கூட்டத்தைக் கேட்டு எழுதித் தர இப்ப ஏஐ இருக்கு. அதில ஒண்டப் போடுவமே" என்றான். அதன் பின்னர் நாங்கள் பெற்ற அனுபவத்தையே இங்கு எழுதுகிறேன்.

இவை செய்யும் வேலை என்ன?

இந்த உதவியாளர்கள் மூன்று வேலைகளைச் செய்கின்றன. முதலில் குரலைப் பதிவு செய்கின்றன. பின்னர் பேச்சை எழுத்தாக்குகின்றன. இறுதியில் அந்த எழுத்திலிருந்து தீர்மானங்களையும், யார் எதனைச் செய்ய வேண்டும் என்பதையும் சுருக்கித் தருகின்றன. ஒட்டர், ஃபயர்ஃபிளைஸ் போன்றவை இதற்கென்றே உருவானவை. ஸூம் நிறுவனம் 2023 செப்டம்பரில் தனது ஏஐ கம்பேனியனைக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்களுக்கு மேலதிகக் கட்டணமின்றி அறிமுகப்படுத்தியது. மைக்ரோசொஃப்ட் டீம்ஸிலும் கூகுள் மீட்டிலும் இவ்வசதி உண்டு.

இரண்டாவது வேலையில் ஒரு சொல் பிழைத்தால், மூன்றாவது வேலையில் அது தீர்மானமாகவே மாறிவிடும். எம்மவர்கள் முக்கியமாக விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம் இதுதான்.

எங்கள் பரீட்சை

இலவசமாகப் பார்க்கக் கூடிய மூன்றைத் தெரிவு செய்து, எங்களது 20 நிமிடக் கூட்டமொன்றின் ஒலிப்பதிவை மூன்றுக்கும் கொடுத்தோம். நாங்கள் பேசுவது தமிழ். லொறிக்காரர், ஸ்டோர் பையன் பற்றிய பேச்சு வந்தால் சிங்களம் கலக்கும். கணக்கு என்றால் பாதி ஆங்கிலம்.

முதலாவது, தமிழை ஏதோ ஆங்கிலச் சொற்களாக எழுதித் தள்ளியது. இரண்டாவது தமிழை ஓரளவு எழுதியது. சிங்களம் வந்த இடமெல்லாம் விடுபட்டுப் போயிருந்தது. மூன்றாவது தந்த சுருக்கம் ஒரு சட்டத்தரணி எழுதியது போல அழகாக இருந்தது. "இதையே எடுப்போம்" என்றேன் நான். நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார்.

காசோலை திரும்பிய ஒரு வாடிக்கையாளரைப் பற்றி, "அவருக்கு இனி சாமான் குடுக்க வேணாம்" என்று கூட்டத்தில் நானா சொல்லியிருந்தார். சுருக்கத்தில், "குறித்த வாடிக்கையாளருக்குத் தொடர்ந்து பொருட்களை வழங்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று இருந்தது. 'வேணாம்' என்பது 'வேணும்' ஆகிவிட்டது. "ஒண்டரை இலட்சம்" என்றது ஒரு இலட்சமாகக் குறைந்திருந்தது. நானா வாசித்திருக்காவிட்டால் அந்தத் தாள் அப்படியே கண்டிக்குப் போயிருக்கும், சரக்கும் ஏறியிருக்கும்.

தெரிவு செய்யும்போது

முதலாவது, மொழி. விளம்பரத்தில் உள்ள மொழிப் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற இலவச மென்பொருளின் பட்டியலில் தமிழும் சிங்களமும் இருக்கின்றன. ஆனால் அது பயின்ற 680,000 மணித்தியால ஒலிப்பதிவில், ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது 117,000 மணித்தியாலங்களே. உங்களது கடைப் பேச்சையே கொடுத்துப் பரீட்சியுங்கள். இலக்கங்களையும், 'ஆம்', 'இல்லை' வரும் இடங்களையும் முதலில் பாருங்கள்.

இரண்டாவது, பேசாததை எழுதுதல். அதே விஸ்பர் எழுதியவற்றில் சுமார் 1 வீதமானவற்றில் எவரும் பேசாத வாக்கியங்கள் இருந்ததாக 2024 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தனர். பேச்சுக்கிடையே நீண்ட மௌனம் வந்தால் இது அதிகரிக்கிறது.

மூன்றாவது, யார் பேசியது என்பது. ஒவ்வொருவரும் தமது கைத்தொலைபேசியிலிருந்து ஸூமில் இணைந்தால் பெயருடன் பதிவாகும். ஒரே மேசையைச் சுற்றியிருந்து ஒரு தொலைபேசியில் பதிவு செய்தால் குரல்கள் கலந்துவிடும்.

நான்காவது, குரல் எங்கே போகிறது என்பது. கொள்முதல் விலை, கடன்காரர் பெயர், பங்காளிகளின் இலாபம் எல்லாம் கூட்டத்தில் பேசப்படுகின்றன. அவை வெளிநாட்டுக் கணினியொன்றில் சேமிக்கப்படும்போது, அதனைத் தமது ஏஐயைப் பயிற்றுவிக்கப் பாவிக்கிறார்களா என்று நிபந்தனைகளில் பாருங்கள். எமது நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

ஐந்தாவது, அனுமதி. பதிவு செய்வதாக இருந்தால் கூட்டத்தின் ஆரம்பத்திலேயே அனைவரிடமும் கேட்டுவிடுங்கள். அனுமதியின்றிப் பதிவு செய்ததாகக் கூறி 2025 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒட்டர் நிறுவனத்துக்கு எதிராக வழக்கே தொடரப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, இரகசியமாகப் பதிவு செய்தது தெரியவந்தால் அந்த வாடிக்கையாளர் திரும்பவும் உங்கள் கடைப்படி ஏற மாட்டார்.

ஆறாவது, செலவு. பெரும்பாலானவற்றுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று மாதாந்தம் டொலரில் அறவிடுகிறார்கள். மாதத்தில் ஒரு கூட்டம் நடத்துபவருக்கு இலவசத் திட்டமே போதுமா என்று பாருங்கள்.

நாங்கள் செய்தது

விஸ்பரை எங்களது சொந்தக் கணினியிலேயே மருமகன் நிறுவினான். குரல் கடையை விட்டு வெளியே போவதில்லை. கட்டணமும் இல்லை. அது சுருக்கம் தராது, எழுத்தை மட்டுமே தரும். ஆகவே கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் நானா தீர்மானங்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி, முழு வாக்கியமாகச் சொல்கிறார். 'வேணாம்' என்பதற்குப் பதிலாக 'கொடுப்பதில்லை' என்கிறார். இலக்கத்தை இரண்டு முறை சொல்கிறார். மருமகன் அதனைப் பதிவுடன் ஒப்பிட்டு ஒரு பக்கத்தில் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்புவான். மூவரும் 'சரி' என்று பதில் போட்ட பின்னரே அது தீர்மானம்.

கடந்த மாதம் ஸ்டோர் வாடகை முற்பணம் பற்றி மீண்டும் ஒரு பேச்சு எழுந்தது. இரண்டு மாதத்துக்குத்தான் உடன்பட்டோம் என்று நான் அடித்துச் சொன்னேன். மூன்று மாதம் என்றார் நானா. தாளை எடுத்துப் பார்த்தோம். மூன்று மாதம் என்றிருந்தது. கீழே நான் போட்ட 'சரி'யும் இருந்தது. நானா ஒன்றும் சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டு இரண்டு பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார்.

எந்த உதவியாளரை எடுத்தாலும் பரவாயில்லை. அது எழுதியதை வாசித்துப் பார்க்க ஒருவரை முதலில் நியமித்துக்கொள்ளுங்கள்.