பச்சைத் தோலுக்குள்ளே பழுத்த பழம்

ஆரஞ்சு வாங்கும்போது நாம முதல்ல பார்க்கிறது நிறத்தைத்தான். பச்சையா இருந்தா காய்னு ஒதுக்கிடுவோம். பாவம் அந்தப் பழம்! தோலின் நிறத்தை வெச்சு உள்ளே இருக்கிற இனிப்பைச் சொல்லிட முடியாது. ஏன்னு புரிய, நூறு வருஷத்துக்கு முந்தைய கலிஃபோர்னியாவுக்குப் போகணும்.

அங்கே எலுமிச்சையைப் பச்சையாகவே பறிச்சு, மண்ணெண்ணெய் அடுப்பு எரியற அறையில அடுக்கி வைப்பாங்க. சில நாள்ல மஞ்சளாயிடும். சூடுதான் காரணம்னு நம்பிட்டிருந்தாங்க. புகையில்லாத ஹீட்டருக்கு மாறினதும் காய் பச்சையாவே நின்னுடுச்சு! அமெரிக்க வேளாண் துறையின் ஃபிராங்க் டென்னி 1924-இல் விடை சொன்னார்: வேலை பார்த்தது சூடு இல்லை, புகையில் இருந்த எத்திலீன் வாயு. 1934-இல் ரிச்சர்ட் கேன், ஆப்பிள் பழமே இந்த வாயுவைத் தயாரிக்குதுன்னு நிரூபிச்சார். அதாவது, எத்திலீன் தாவரங்களோட சொந்த ஹார்மோன்.

எத்திலீன் பட்டா தோலில் இருக்கிற பச்சையம் சிதையும், மஞ்சள் வெளியே தெரியும். வாழைக்காய்னா உள்ளே மாவுச்சத்தும் சர்க்கரையா மாறும். ஆரஞ்சு, சாத்துக்குடியில அப்படி மாறுறதுக்கு மாவுச்சத்து சேர்ந்திருக்காது. மரத்துல இருக்கும்போது ஏறின இனிப்புதான்; பறிச்ச பிறகு எவ்வளவு எத்திலீன் காட்டினாலும் தோல் மட்டும்தான் மாறும்.

மரத்திலேயே நல்லா நிறம் ஏற இரவுக் குளிர் வேணும். நம்ம சமவெளியில அது பத்தாது. அதான் பழுத்த சாத்துக்குடிகூடப் பச்சையாவே கடைக்கு வருது. அடுத்த தடவை கையில எடுத்துப் பாருங்க. அளவுக்கு மீறி கனமா இருந்தா, உள்ளே சாறு நிறைய இருக்கு.