நான்கரை விநாடி

பக்கம் பக்கமாக நிற்கின்றன இரண்டு கார்கள். ஒன்று, சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளை. பளபளக்கும் மேனி, பசியடங்காத எஞ்சின். விலையைக் கேட்டால் நமக்கு வியர்க்கும். மற்றொன்று பழைய வண்டி. பகலெல்லாம் பட்டறையிலே உழைத்தவன், இரவிலே கொட்டகையில் மல்லாந்து படுத்து, முகத்திலே கிரீஸ் வழிய வழிய முடுக்கி எடுத்தது. எதிரே நேர்கோடாக ஒரு பாதை. கால் மைல், 1,320 அடி. வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. பச்சை விளக்கு எரிந்ததும் புறப்பட வேண்டும், எல்லைக்கோட்டை எட்ட வேண்டும். வெல்வது யார்?

"இதென்ன கேள்வி? காசைக் கொட்டியவன் கார்தான் வெல்லும்" என்பீர்கள், தோழர்களே! நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். எண்ணியது தவறு என்று தெரிந்தபோது வியந்தோம். அந்த வியப்பைப் பங்கிட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

அமெரிக்க நாட்டிலே இதற்கு டிராக் ரேஸ் என்று பெயர். மூன்று நான்கு விநாடியிலே பாதையை விழுங்கும் பூதங்களை ஓட்டும் தொழில்முறை வீரர்கள் அங்கே உண்டு. அவர்களைப் பற்றியதல்ல நமது பேச்சு. லாரி ஓட்டுபவரும், வெல்டிங் வேலை பார்ப்பவரும், பள்ளிக்கூட ஆசிரியரும் வாரக் கடைசியிலே தம் வண்டியை ஓட்டிவந்து, பந்தயத்தில் விட்டு, அதே வண்டியில் வீடு திரும்புகிறார்களே, அந்தப் பந்தயம். பிராக்கெட் பந்தயம் என்கிறார்கள்.

முறை என்ன? தம் வண்டி கால் மைலை எத்தனை விநாடியில் கடக்கும் என்று ஒவ்வொருவரும் தாமே கணித்து, கார்க் கண்ணாடியிலே வெள்ளைப் பூச்சினால் எழுதிவிட வேண்டும். நமது தொழிலாளி 15.20 என்று எழுதுகிறான். சீமான் 10.70 என்று எழுதுகிறார். வித்தியாசம் நான்கரை விநாடி. அந்த நான்கரை விநாடியைத் தொழிலாளிக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது விளக்குக் கம்பம்! அவன் போகிறான், போய்க்கொண்டே இருக்கிறான். சீமானோ, கோடி கொடுத்து வாங்கிய எஞ்சின் உறும, சிவனே என்று நிற்கிறார். அவருக்குப் பச்சை விழும்போது இவன் எங்கோ முன்னே. பிறகு துரத்தல். எல்லைக்கோட்டருகே இருவரும் ஏறத்தாழ ஒன்றாக வருகிறார்கள். யார் விழிப்போடு புறப்பட்டாரோ, யார் தம் வண்டியைச் சரியாக அறிந்து வைத்திருந்தாரோ, அவருக்கே வெற்றி. பணப்பை அங்கே பல்லிளிக்கிறது.

இந்த விளக்குக் கம்பத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். 1963-இல் வந்தது. அதற்கு முன்பு ஒரு மனிதர் நடுவிலே நின்று கொடியை ஆட்டுவார். அவருடைய தோள் அசைவதைப் படித்தே முந்தியவர்கள் உண்டு. விளக்கு வந்தபின் அந்த வித்தை செல்லவில்லை. அரை விநாடிக்கு ஒன்றாக மூன்று மஞ்சள் விளக்குகள், பிறகு பச்சை. பச்சைக்கு முன் சக்கரம் நகர்ந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் தோல்வி, நீ யாராக இருந்தாலும்.

"சரி, 15.20-இல் ஓடும் வண்டிக்கு 16 என்று பொய்யாக எழுதி, கூடுதல் சலுகை பெற்றுக்கொண்டால்?" இப்படிக் கேட்கும் கெட்டிக்காரர் நம்மிடையேயும் இருப்பார். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். எழுதிய நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. இருவருமே அப்படி ஓடிவிட்டால், குறைவாக மீறியவர் வெல்வார். பொய்யனுக்குப் பொய்யே புதைகுழி!

ஆனால் பொய்யனும் லேசுப்பட்டவனல்லன். 16 என்று எழுதிவிட்டு, முழு வேகத்தில் போய், எல்லைக்கோட்டுக்கு முன்னால் பிரேக்கை மிதித்து நேரத்தைச் சரிக்கட்டுகிறான். பக்கத்திலே இன்னொரு வண்டி நூறு மைல் வேகத்தில் வரும்போது இவன் பிரேக்கை மிதிக்க, பின் சக்கரம் வழுக்க, வண்டி குறுக்கே திரும்பினால்? அந்த இடத்திலே நியாயக்கேடு உயிர்க்கேடாக மாறுகிறது. ஆகவேதான் தாறுமாறாகப் பிரேக் அடித்துத் தடுமாறுகிறவனைப் போட்டியிலிருந்து நீக்க அதிகாரிகளுக்கு உரிமை கொடுத்திருக்கிறார்கள். நியாயத்துக்கு ஒரு சட்டப் புத்தகம், பாதுகாப்புக்கு மற்றொன்று என்று பிரித்துப் பார்ப்பவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

இத்தனை நீதிக்குள்ளும் நெடுங்காலம் ஓர் அநீதி ஒளிந்திருந்தது. மெதுவான வண்டி முதலில் புறப்படுகிறதல்லவா? விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அவசரப்பட்டுச் சிவப்பு வாங்கினாலும், ஆட்டம் அங்கேயே முடிந்தது. பின்னால் புறப்படும் வேகமான வண்டி அதைவிடப் பெரிய தவறு செய்தாலும் கேள்வி கிடையாது. முதலில் தவறியவன் மெதுவானவன், தோற்றவனும் அவனே. சிறியவன் செய்தால் குற்றம், பெரியவன் செய்தால் அது கணக்கிலேயே வராது! எங்கோ கேட்ட கதை போலில்லையா? இப்போது பல திடல்களிலே கணிப்பொறி இரண்டு புறப்பாட்டையும் அளந்து, பெரிய தவறு செய்தவரைத் தோற்றவர் என்கிறது. வந்ததே, அதுவரை மகிழ்ச்சி.

இனி உயிரைப் பற்றிப் பேசுவோம்.

இந்தப் பந்தயம் பிறந்தது தெருவிலே. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய இளைஞர்கள் கலிபோர்னியாவின் சாலைகளிலே பழைய கார்களை முடுக்கிப் பந்தயம் விட்டார்கள். நடந்துபோனவன் செத்தான், ஓட்டியவனும் செத்தான். "பிடி, அடை, அபராதம் போடு" என்றது ஊர். சிலர் வேறு விதமாக யோசித்தார்கள். 1950-இல் சாந்தா அனா என்ற ஊரின் விமானத் திடலிலே முறையான பந்தயம் தொடங்கிற்று. மறு ஆண்டு, வாலி பார்க்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை அமைத்தார். 1954-இல் அந்தச் சங்கத்தார் சிலர் ஒரு காரிலே, பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டிக்கொண்டு, நாடெங்கும் கிளம்பினார்கள். போன ஊர்களில் எல்லாம் இளைஞர்களைக் கூட்டி, திடலை எப்படி அமைப்பது, வண்டியை எப்படிச் சோதிப்பது, பார்வையாளரை எங்கே நிறுத்துவது என்று கற்றுக்கொடுத்தார்கள். கழகத் தோழர் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் படிப்பகம் திறந்துவைப்பார் அல்லவா, அந்த மாதிரி! நம் சென்னைக்கு அருகே சோழவரத்திலும் போர்க்காலத்து விமானத் திடல்தான் பின்னாளில் பந்தயத் திடலாயிற்று என்பதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சங்கத்தின் விதிகள் என்ன கேட்கின்றன? 14 விநாடிக்கும் மேலாக எடுத்துக்கொள்ளும் வண்டிக்கு அதிகம் இல்லை. இருக்கைப் பட்டை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி. பேட்டரி ஆடக்கூடாது, சக்கர நட்டு தளரக்கூடாது, எண்ணெய் ஒழுகக்கூடாது. ஒழுகும் எண்ணெய் உன் வண்டியை மட்டுமா கவிழ்க்கும்? உனக்குப் பின்னால் வருகிறவனையும் கவிழ்க்கும். 13.99 விநாடி முதல் தலைக்கவசம் கட்டாயம். 11.49 என்றால், வண்டி உருண்டாலும் கூரை நசுங்காதபடி தலைக்குப் பின்னால் இரும்புக் குழாய் வளையம். அதற்கும் வேகமானால் முழுக் கூண்டு. 9.99 ஆனால் ஓட்டுநருக்குத் தனி லைசென்சும் வேண்டும். வேகம் ஏற ஏறக் காவலும் ஏறுகிறது. அறிவுக்குப் பொருந்துகிறது.

இந்த விதிகளை எழுதிய மை எது தெரியுமா? 1970 மார்ச் மாதம், லாங் பீச் நகருக்கு அருகே லயன்ஸ் திடலிலே, டான் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற வீரரின் வண்டி புறப்பட்ட கணத்திலேயே கியர் பெட்டி வெடித்தது. அந்நாளில் எஞ்சின் முன்னால், ஓட்டுபவர் பின்னால், கியர் பெட்டி அவருடைய கால்களுக்கு நடுவே! வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டாகிப் போயிற்று. மருத்துவமனையிலே படுத்தபடியே அவர் சிந்தித்தார்: எஞ்சினை ஏன் முதுகுக்குப் பின்னால் வைக்கக் கூடாது? 1971-இல் அப்படி ஒரு வண்டியைக் கட்டி, பொமோனா பந்தயத்தில் வென்று காட்டினார். ஏளனம் செய்தவர்களும் பின்னர் அதையே கட்டினார்கள். 2008-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் இங்கிலீஷ்டவுன் திடலிலே ஸ்காட் கலிட்டா மாண்டார். அடுத்த மாதமே மிக வேகமான இரு வகை வண்டிகளுக்கும் பாதையை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகச் சுருக்கினார்கள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு தாய் அழுத கண்ணீர் இருக்கிறது.

ஆயினும், தொழிலாளியின் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. செலவை யார் கொடுப்பது?

பந்தயத்துக்கென்று செய்த பட்டைகளுக்கு, தயாரித்த நாளிலிருந்து இரண்டே ஆண்டுதான் ஆயுள். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். தேதி கடந்துவிட்டால் செல்லாது. வெயில் பட்டுப் பட்டு நூல் வலுவிழக்கும் என்பது காரணம். உண்மைதான். ஆனால் வெயிலே படாமல் கொட்டகையில் கிடந்த பட்டைக்கும் அதே தீர்ப்புத்தானே? சீமானுக்கு அது சில்லறைச் செலவு. கூலிக்காரனுக்கு அது வீட்டு அடுப்பிலே கைவைக்கும் செலவு.

இன்னொன்றையும் கேளுங்கள். 2008 முதல் தொழிற்சாலையிலிருந்து வந்த புதிய கார்கள், காற்றுப்பை முதலிய கருவிகள் எல்லாம் கெடாமல் இருந்தால், 10 விநாடி வரை ஓடலாம் என்று முன்பு ஒரு விதி செய்தார்கள். இரும்பு வளையம் வேண்டாம் என்று விலக்கு அளித்தார்கள். பழைய வண்டிக்காரன் 11.40 ஓடினாலும் வளையத்தைப் பற்றவைத்தாக வேண்டும். புதிய காரின் உடல் உறுதியானது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புதிய காரை வாங்கக் கூடியவர் யார்?

பணக்காரருக்கு வளைந்துவிட்டதா விதி என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. 2017-இல் டாட்ஜ் கம்பெனி 'டெமன்' என்று ஒரு காரை வெளியிட்டது. கடையிலே வாங்கி அப்படியே ஓட்டினால் 9.65 விநாடி. "கூண்டு இல்லாமல் எமது பந்தயத்தில் இதற்கு இடமில்லை" என்று சங்கம் கடிதம் கொடுத்தது. கம்பெனி அந்தக் கடிதத்தையே விளம்பரமாக்கிக் கொண்டது, அது அவர்கள் சாமர்த்தியம்! 2023-இல் 8.91 விநாடி ஓடும் காரோடு வந்தார்கள். மீண்டும் தடைக் கடிதம். அந்த அளவில் சங்கத்தைப் பாராட்டுகிறோம்.

நமது தீர்ப்பு என்ன? பழைய வண்டிக்காரனுக்கு வளையத்தை விலக்கிக் கொடு என்று நாம் கேட்கமாட்டோம். ஏழையின் மண்டையோடு எஃகால் ஆனதல்ல. வளையத்தை அவனுக்கு எட்டும் விலையில் கொடு என்கிறோம். திடலிலே வாடகைத் தலைக்கவசம் இருக்கட்டும். சங்கத்திலே பற்றவைக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமையிலே ஒருவருக்கொருவர் வேலை செய்து கொடுக்கட்டும். அந்த நாளில் மன்றம் வைத்துக் கொட்டகைகளிலே கூடியவர்கள்தானே இந்தப் பந்தயத்தையே வளர்த்தார்கள்?

நியாயம் என்று பேசும்போது ஷர்லி மல்டௌனியை விட்டுவிட முடியாது. பெண்ணுக்கு இங்கென்ன வேலை என்று முறைத்தவர்களை மீறி, 1973-இல் மிக உயர்ந்த வகையான டாப் ஃபியூயல் வண்டிக்கு லைசென்சு பெற்ற முதல் பெண் அவர். 1977, 1980, 1982, மூன்று முறை அந்த வகையின் வாகையர். விளக்குக் கம்பத்துக்கு ஆண் பெண் தெரியாதே!

நிறமும் தெரியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதி 1965-இல் பற்றியெரிந்தது. 34 பேர் மாண்டார்கள். அதன் பின் அந்நகரிலே வில்லி ராபின்சன் என்ற கருப்பர், பெருமலை போன்ற உருவம், 'பிக் வில்லி' என்று அழைக்கப்பட்டவர், தெருப் பந்தயக்காரர்களை ஒரு சகோதர சங்கமாகச் சேர்த்தார். கருப்பரும் வெள்ளையரும் மெக்சிகோ வழிவந்தவரும், ஒருவரை ஒருவர் கண்டால் கத்தியைத் தேடிய பிள்ளைகள், ஒரே வரிசையிலே காரோடு நின்றார்கள். சண்டை கூடாது என்பது அங்கே முதல் விதி. தெருவிலே சாவதைவிடத் திடலிலே ஓடட்டும் என்று வாதாடி, 1974-இல் துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் தீவிலே ஓர் ஓடுபாதையைத் திறக்கச் செய்தார்.

திடலுக்குப் பகை மரணம் மட்டுமல்ல, மனை விலையும்தான். கார்லிட்ஸ் பாதம் இழந்த லயன்ஸ் திடல் 1972-இல் மூடப்பட்டது. இங்கிலீஷ்டவுனில் கால் மைல் பந்தயம் 2018-இல் நின்றது. அட்லாண்டா 2021-இல், ஹூஸ்டனும் டென்வர் அருகிலுள்ள பாண்டிமியரும் 2023-இல். திடல் போனால் இளைஞன் எங்கே போவான்? நள்ளிரவிலே நெடுஞ்சாலைக்குப் போவான். அங்கே சோதனை இல்லை, தலைக்கவசம் இல்லை, நான்கரை விநாடியும் இல்லை.

பிக் வில்லியின் திடல் பலமுறை மூடித் திறந்து, 1995-இல் ஒரேயடியாக மூடப்பட்டது. திறந்துவிடுங்கள், பிள்ளைகள் தெருவிலே சாகிறார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். 2012-இல் இறந்தார். திடல் திறக்கப்படவில்லை.