555 புத்தகமும் பல்கலைக்கழக ஆய்வும்

சட்டைப் பையில் அடங்கும் சிறிய நோட்டுப் புத்தகம் அது. மேலட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். பேராக் மாநிலத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அரிசி, சீனி, நெத்திலி, டின் மீன், மண்ணெண்ணெய் என்று வீட்டுக்கு வாங்கியதெல்லாம் அதில் ஏறும். சம்பளம் போட்ட அன்று கூட்டிப் பார்த்து, கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிட்டு, மீதியை அடுத்த பக்கத்தில் எழுதிக்கொள்வார்கள்.

பட்டணத்து விலையைவிட இங்கே விலை கூடுதல் என்பது வாங்கியவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. பஸ் ஏறினால் ஈப்போ. அங்கே மொத்தக் கடைகள் உண்டு, மார்க்கெட் உண்டு. அப்படியிருந்தும் ஏன் கூடுதல் விலை கொடுத்தார்கள்? "நம்மவர்களுக்குக் கணக்குப் பார்த்து வாங்கத் தெரியாது" என்று மேடையில் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சில்லறை வணிகத்தையும் மக்கள் பொருள் வாங்கும் விதத்தையும் ஆராய்ந்த அறிஞர்கள் சொல்வது வேறு. அவற்றுள் முக்கியமான ஓர் ஆய்வு மலாயா மண்ணைப் பற்றியது என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் அமெரிக்காவில் பிறந்த ஒரு சூத்திரத்தைப் பார்த்துவிடலாம். வில்லியம் ரைலி என்பவர் 1931இல் நூலாக வெளியிட்டது. இரண்டு ஊர்களுக்கு நடுவே வசிப்பவர்கள் எந்த ஊர்க் கடைக்குப் போவார்கள்? மக்கள்தொகை பெருகப் பெருக ஊரின் இழுப்பு கூடும். தூரம் கூடினால் இழுப்பு குறையும் என்றார் அவர். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு கால் பங்காகிவிடும். நியூட்டன் கோள்களுக்குச் சொன்னதை இவர் கடைகளுக்குச் சொன்னார்.

தீபாவளிச் சேலைக்கு இந்தச் சூத்திரம் நன்றாகவே பொருந்துகிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்தும், தெற்கே கம்பாரிலிருந்தும் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அன்றைய தோட்டத்து அரிசிக்கு மட்டும் இது பொருந்தவில்லை. கையில் ரொக்கம் உள்ளவர்தான் எந்த ஊருக்குப் போகலாம் என்று தேர்ந்தெடுக்க முடியும். மாதக் கடைசியில் வெறும் பையோடு நிற்பவருக்குப் பத்து மைலும் ஒன்றுதான், நூறு மைலும் ஒன்றுதான்.

மூன்று தொழில், ஒரு கை

கிளிஃப்டன் வார்ட்டன் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இந்த வட்டாரத்தில் சில ஆண்டுகள் தங்கிப் பணியாற்றியவர். 1970இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றவரும் இவரே. 1962இல் 'மலாயன் எக்கனாமிக் ரிவியூ' என்ற ஆய்விதழில் இவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே மூன்று தொழில்கள் வரிசையாக நிற்கின்றன: விளைபொருளைச் சந்தைப்படுத்துதல், சரக்கு விற்றல், கடன் கொடுத்தல்.

சில ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரரை எண்ணிப் பாருங்கள். அவருடைய ரப்பர் ஷீட்டை வாங்குபவர் ஒரு வியாபாரி. அவருக்கு மளிகைச் சாமான் விற்பவரும் அதே வியாபாரி. கைமாற்றுக் கடன் கொடுப்பவரும் அவரே. கடன் நிற்கும்வரை ஷீட்டை வேறு கடைக்குக் கொண்டுபோக முடியாது. எடையில் கொஞ்சம், விலையில் கொஞ்சம், சாமானில் கொஞ்சம் என்று போவது தனித்தனியே கண்ணுக்குத் தெரியாது. ஏனென்றால் மூன்று கணக்கும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வாங்குபவர் ஒருவரே என்ற நிலை ஏற்பட்டுவிடும் ஆபத்தைத்தான் வார்ட்டன் சுட்டிக்காட்டினார்.

பெரிய தோட்டத்தில் கூலிக்குப் பால் வெட்டியவர் ஷீட் விற்கவில்லை. ஆகவே அவரைப் பொறுத்தவரை மூன்றில் ஒன்று கழிந்துவிடுகிறது. சாமானும் கடனும் மட்டும் ஒரே கையில் இருந்தன. அதுவே போதுமானதாக இருந்தது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. நாட்கூலி முறை இருந்த காலத்தில் வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. ஆண்டுக் கடைசி மழையில் பத்து நாள் வீட்டில் முடங்கிய குடும்பத்துக்கு அடுப்பு எரிந்தது கடைக்காரர் எழுதிக் கொடுத்த அரிசியால்தான். கூடுதல் விலை என்பது அந்தப் பத்து நாளுக்கான கட்டணம். அதைக் கொடுத்தவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்வது அநியாயம். அதே சமயம், கடன்பட்டவர் தராசைக் கூர்ந்து பார்க்கத் தயங்குவார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கடை காப்பாற்றியது, சுரண்டவும் செய்தது. இரண்டையும் செய்தவர் பல சமயம் ஒரே ஆள்.

இந்த இடத்தில் இன்னோர் ஆய்வு கைகொடுக்கிறது. பார்பரா வார்ட் என்ற மானிடவியல் அறிஞர் (இதே பெயரில் புகழ்பெற்ற பொருளியல் எழுத்தாளர் வேறொருவர்) ஹாங்காங் மீனவக் கிராமங்களை ஆராய்ந்தவர். ஏழை நாடுகளில் ஏன் இத்தனை சிறு கடைகள், இத்தனை இடைத்தரகர்கள் என்று 1960இல் ஒரு கட்டுரையில் கேட்டார். அவர் சொன்ன பதில் வெகு எளிமையானது. ஈடு இல்லாமல் கடன் கொடுப்பவர் வாங்குபவரை நேரில் அறிந்திருக்க வேண்டும். ஒரு மனிதர் அப்படி எத்தனை பேரைத்தான் அறிந்திருக்க முடியும்? ஒரு கடைக்குச் சில டஜன் குடும்பங்கள் என்றால், ஊருக்குப் பல கடைகள் தேவைப்படத்தான் செய்யும்.

தோட்டக் கடைக்காரருக்கு யார் வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் வெட்டும் நிரையில் பால் குறைவு, யார் சம்பள நாளில் நேரே கள்ளுக்கடைக்குப் போவார் என்பதெல்லாம் தெரியும். அந்த அறிவுதான் அவருடைய முதல்.

தாமானுக்கு வந்த பிறகு

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் தோட்டமே வீடமைப்புப் பகுதியானது. குடும்பங்கள் புந்தோங்குக்கும் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் குடிபெயர்ந்தன. புதிய இடத்துக் கடைக்காரருக்கு இவர்கள் யாரென்று தெரியாது. பழைய நாணயத்தை மூட்டை கட்டி எடுத்து வரவும் வழியில்லை. ஆகவே பேரங்காடிக்குப் போனார்கள். அங்கே விலை குறைவு, ஆனால் எழுதிக்கொள்ள ஆளில்லை.

அமெரிக்காவிலும் இப்படித்தான் நடந்தது. 1916இல் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 'பிக்லி விக்லி' கடையைத் திறந்தபோது, வாடிக்கையாளரே சாமானை எடுத்து ரொக்கம் கொடுத்துப் போகும் முறை வந்தது. எடுத்துக் கொடுக்கும் ஆள் போனதும் அலமாரியே விற்பனையாளர் ஆனது. வார்ட்டன் எழுதிய அதே 1962இல் ஹாகின்ஸ் ஸ்டெர்ன் என்பவர், திட்டமில்லாமல் வாங்குவதை நான்கு வகையாகப் பிரித்துக் கட்டுரை எழுதினார். கண்டதும் ஆசைப்பட்டு வாங்குவது ஒரு வகை. 'வீட்டில் தீர்ந்துபோயிற்றே' என்று நினைவு வந்து வாங்குவது இன்னொரு வகை. 1982இல் ரொனால்ட் மில்லிமன் ஓர் அமெரிக்கப் பேரங்காடியில் இசையை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டுப் பார்த்தார். வேகமான இசையைவிட மெதுவான இசை ஒலித்த நாட்களில் விற்பனை ஏறக்குறைய 38 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மக்கள் நிதானமாக நடந்தார்கள், கூடுதலாக எடுத்தார்கள். தோட்டத்தில் விலை உயர்ந்தாலும் பட்டியல் ஒழுங்காக இருந்தது. பேரங்காடியில் விலை இறங்கியது, பட்டியல் நீண்டது.

பிறகு பக்கத்துக் கடை வேறு உருவில் திரும்பி வந்தது. 1987இல் கிள்ளானில் ஒரு மளிகைக் கடையோடு தொடங்கிய லீ தியாம் வாவின் '99 ஸ்பீட்மார்ட்', 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது 2,600க்கும் மேற்பட்ட கிளைகளைக் கொண்டிருந்தது. நடந்து போகும் தூரம், குறைந்த விலை. 555 புத்தகம் மட்டும் அங்கே இல்லை.

அது கைப்பேசிக்குள் போய்விட்டது. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்னும் தவணை முறையில் ரொக்கமின்றிப் பொருள் கிடைக்கிறது. இதையும் உள்ளடக்கிய நுகர்வோர் கடன் மசோதாவை மக்களவை 2025இல் நிறைவேற்றியது. பார்பரா வார்ட் கேட்ட கேள்வி இங்கே மறுபடி எழுகிறது: கொடுப்பவருக்கு வாங்குபவரைத் தெரியுமா? நாம் எதை வாங்கினோம், எப்போது கட்டினோம் என்பது செயலிக்குத் தெரியும். மழையால் வேலை போன வாரம் தெரியாது. "தம்பி, போன மாதக் கணக்கே நிற்கிறது, இந்த மாதம் இது போதும்" என்று கடைக்காரர் சொல்ல முடிந்ததற்குக் காரணம், கணக்கு முழுவதும் அவர் ஒருவரிடமே இருந்தது. மூன்று செயலிகளில் மூன்று தவணை வைத்திருப்பவரின் மொத்தத் தொகை ஒரே பக்கத்தில் வந்து நிற்பதில்லை.

கட்டணம் ஒளிந்திருக்கும் இடமும் மாறியிருக்கிறது. தோட்டக் கடையில் வட்டி, அரிசி விலையிலேயே கலந்திருந்தது. பத்து நாள் தாமதித்தாலும் பெரும்பாலும் முகம் சுளிப்பதோடு போகும். தவணைச் செயலிகள் பலவற்றில் பொருளின் விலை ரொக்க விலையேதான். தவணை நாள் தவறினால் விழும் தாமதக் கட்டணத்தில்தான் அந்த வட்டி இருக்கிறது.