தாறுமாறான நாடித்துடிப்பு: ஆஸ்பிரின் மட்டும் போதுமா?

டெங்கு காலத்தில் சென்னையில் எந்த வீட்டிலும் "பிளேட்லெட் எவ்வளவு?" என்ற கேள்விதான். மற்ற நாட்களில் இரத்தத் தட்டணுக்களை நாம் நினைப்பதே இல்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறினால், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அவை நமக்கு எதிராக வேலை செய்யக்கூடும்.

'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற நோயில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல், நிமிடத்திற்கு 300 தடவைக்கு மேல் வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இரத்தத்தில் 'த்ராம்பின்' என்ற பொருள் உருவாகி, ஃபிப்ரின் இழைகளை வலைபோல் பின்னுகிறது. அதே த்ராம்பின் தட்டணுக்களையும் தூண்டிவிடுகிறது. இப்படி உருவான கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். இந்நோய் உள்ளவருக்குப் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு அதிகம்.

மாரடைப்பு வேறு. அங்கே புண்பட்ட இரத்தக்குழாய்ச் சுவரில் தட்டணுக்கள் முதலில் ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருபவருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் உடனே தரப்படுகின்றன. இரண்டும் தட்டணுக்களைத் தடுப்பவை.

மயிலாப்பூரிலோ அடையாறிலோ காலை நடைக்கு வரும் பெரியவர்கள் சிலர், "ஆஸ்பிரின் போடுகிறேன், இரத்தம் உறையாது" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். துடிப்பு ஒழுங்கற்றவருக்கு இந்த நிம்மதி ஆபத்தானது. வார்ஃபரின் ஒத்துக்கொள்ளாத 5,599 நோயாளிகளிடம் ஆஸ்பிரினையும் அபிக்சபானையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளியானது. பக்கவாதமும் பிற இரத்தக்குழாய் அடைப்பும் ஆண்டுக்கு ஆஸ்பிரின் பிரிவில் 3.7 சதவீதம், அபிக்சபான் பிரிவில் 1.6 சதவீதம். பெரிய இரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தட்டணுவை மட்டும் தடுத்தால் போதாது, ஃபிப்ரின் வலையையே தடுக்க வேண்டும் என்பதை இது காட்டியது. மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான் முதன்மை மருந்து.

அபிக்சபான் தினமும் இரு வேளை மருந்து. ரமளானுக்கு முன்பே ஸஹர், இஃப்தார் நேரங்களைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நோன்பு ஆபத்து என்று அவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது.

மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். தாறுமாறாக இருந்தால் இசிஜி எடுங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.