எழுத எழுத உள்ளே போகும் பேனா

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தப்போ பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் என்ன ஆச்சுன்னு உங்களில் பல பேருக்குத் தெரியும். எங்க தாத்தா தோப்பும் சாய்ந்தது. விழுந்த மரங்களில் ஒன்றை மட்டும் அறுத்து, கொல்லைக் கொட்டகையில் போட்டு வச்சிருந்தார். போன செமஸ்டர் லீவில் அதில் ஒரு துண்டை எடுத்து, மாமாவோட லேத் பட்டறையில் ஒரு பேனா கடைந்தேன். திருகினா முனை வெளியே வருமே, அந்த வகை பால்பாயிண்ட்.

தாத்தா வாங்கி, தன் பேரை எழுதிப் பார்த்தார். மூணாவது எழுத்தில் முனை உள்ளே ஓடிடுச்சு.

"என்ன தம்பி, எழுத எழுத உள்ள போவுது?"

ஏன் போச்சு? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம்.

கையால் செய்த பேனா என்று நாம் சொன்னாலும், இந்த வகையில் நம்ம கைவேலை வெளி மரம் மட்டும்தான். பித்தளைக் குழாய்கள், முனை, கிளிப், நடு வளையம், ட்விஸ்ட் மெக்கானிசம் எல்லாம் கிட்டாக விலைக்கு வருது. மரத்தில் துளை போட்டு, குழாயை ஒட்டி, கடைந்து, கடைசியில் மெக்கானிசத்தைக் கீழ்க் குழாய்க்குள் அழுத்தி ஏற்றணும். மேல் பாதி அதன் மறுமுனையில் இறுக்கமாக உட்காரும். மேல் பாதியைத் திருகினா ரீஃபில் முன்னே நகரும்.

உள்ளே என்ன நடக்குது? நாம் படிச்ச சிலிண்ட்ரிக்கல் கேம்தான். ஒரு சின்னக் குழாயில் சுருளாக ஒரு காடி, அதில் ஓடும் ஒரு பின். சுற்றும் அசைவு நேர் அசைவாக மாறுது.

ஒரு கணக்குப் போடுவோம். காடியின் விட்டம் 5 மி.மீ. என்றும், அரைச் சுற்றில் ரீஃபில் 6 மி.மீ. நகருது என்றும் வச்சுக்கோங்க. அரைச் சுற்றின் நீளம் சுமார் 7.85 மி.மீ. 6-ஐ 7.85-ஆல் வகுத்தா 0.76. அதாவது காடியின் சாய்வு ஏறக்குறைய 37 டிகிரி. உராய்வுக் கெழு 0.2 என்றால் உராய்வுக் கோணம் 11 டிகிரிதான். சாய்வு உராய்வுக் கோணத்தைவிட இவ்வளவு அதிகம் என்பதால் இது தானாகப் பூட்டிக்கொள்ளாது. ஜாக்கியில் காரை ஏற்றினா நிற்குது, ஏன்னா அதன் மரையின் சாய்வு ரொம்பக் குறைவு. பேனாவில் அப்படி இல்லை. தாளில் அழுத்தினாலே பின் சறுக்கிப் பின்னால் வந்துடும்.

அதனால்தான் காடி முடியும் இடத்தில் சாய்வு இல்லாத ஒரு சின்னத் தட்டை இடம் விடுறாங்க. பின் அதில் போய் உட்கார்ந்தா எழுதும் அழுத்தம் அதை அசைக்காது. ஒரு ட்விஸ்ட் பேனாவின் உழைப்பு முழுக்க அந்தத் தட்டை இடத்தில்தான் இருக்கு. மட்டமான மெக்கானிசத்தில் அது சரியா இருக்காது, அல்லது சீக்கிரம் தேய்ந்துடும்.

நானும் முதலில் கிட்டைத்தான் திட்டினேன். மாமா ஒண்ணும் சொல்லாம மெக்கானிசத்தைக் கழற்றி, ரீஃபிலோடு கையில் பிடிச்சுத் திருகி, மேஜையில் அழுத்தினார். அசையலை. "மாப்ள, சாமான் நல்லாத்தான் இருக்கு. உன் வேலையப் பாரு" என்றார்.

தப்பு என்னோடது. தென்னைக்கு ஆண்டு வளையம் கிடையாது. மென்மையான சதைக்குள் கறுத்த கடின நார்கள் ஓடும். வெளிப்பக்கம் வைரம், நடுவில் சோறு. நான் பேரலின் முனையை உப்புத்தாளால் தேய்ச்சு மட்டம் பண்ணேன். சதை தேய்ந்தது, நார் தூக்கி நின்னது. முனை கோணலாச்சு. திருகும்போது அந்த மேடு நடு வளையத்தில் உரசி இறுகிடுச்சு. முழுசா வந்துடுச்சுன்னு கை நினைக்குது, ஆனா பின் தட்டை இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரங்க எபோனைட் கம்பியைக் கடைந்து மைப்பேனா செய்றாங்க. பேரலில் நேரா மை ஊற்றும் பேனாவில் நகரும் உறுப்பே கிடையாது. மரையும் கடைபவர் கையாலேயே வெட்டப்படுது. நம்ம ட்விஸ்ட் பேனாவில் பாதி தொழிற்சாலை, பாதி கை. இரண்டும் சேரும் இடத்தில்தான் சிக்கல் வரும். நீங்க செய்யப் போறீங்கன்னா இதைப் பாருங்க:

1. ஏற்றும் முன்பே மெக்கானிசத்தில் ரீஃபிலை மாட்டி இருபது தடவை திருகுங்க. மேஜையில் அழுத்துங்க. பின்வாங்கினா ஒதுக்கிடுங்க.

2. பேரல் முனைகளைக் கூரான உளியால் லேத்திலேயே மட்டம் பண்ணுங்க. பித்தளை சுற்றிலும் ஒரே மாதிரி மின்னணும்.

3. குழாய்க்குள் வழிந்த பசையைச் சுரண்டி எடுத்துடுங்க.

4. மெக்கானிசத்தை நேராக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்க. ஆழமாப் போயிட்டா முனை முழுசா உள்ளே போகாது.

5. அதைப் பசை போட்டு ஒட்டாதீங்க. தேயப் போகிற உறுப்பு அதுதான். இறுக்கத்தில் மட்டும் நின்னா, நாளைக்குக் கழற்றி வேறு மாற்றலாம்.

முனையைத் திரும்ப மட்டம் பண்ணி, அதே மெக்கானிசத்தை ஏற்றினேன். இப்போ அந்தப் பேனா தாத்தா சட்டைப் பையில் இருக்கு. புதுசா வச்ச தென்னங்கன்றுகளுக்கு உரக் கணக்கு அதில்தான் எழுதுறார்.