பண்ணையாள் மகள்

ஜேம்ஸ் கத்ரி (1859–1930)
1883, கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், 91.5 × 76.2 செ.மீ.
ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடங்கள், எடின்பரோ

முட்டைக்கோஸ் பாத்தியில் குனிந்து ஒன்றை அறுத்த சிறுமி, கையில் கத்தியோடு இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறாள். பார்வை நேராக நம் மேல். சிரிப்பில்லை, கூச்சமும் இல்லை. 'யாரது, வேலை நேரத்தில்?' என்று கேட்பதுபோல்தான் இருக்கிறது.

கிளாஸ்கோவில் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர் கத்ரி. ஓவியத்தைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். கோடையில் மட்டும் வந்து படம் எழுதிப் போகும் நகரத்து ஓவியர்களைப் போலன்றி, பெரிக்‌ஷயர் வட்டாரத்தின் கோபர்ன்ஸ்பாத் கிராமத்தில் குளிர்காலத்திலும் தங்கினார். பண்ணை வேலையில் தேர்ந்த ஆட்களின் குடும்பங்களுக்கு அங்கே முட்டைக்கோஸ்தான் அன்றாடச் சாப்பாடு.

படத்தின் அருகே போய்ப் பாருங்கள். தட்டைத் தூரிகையால் சதுரம் சதுரமாக அப்பிய வண்ணம் தெரியும். பிரெஞ்சு ஓவியர் பாஸ்தியன்-லெபாஜ் வழியாக வந்த உத்தி இது. சிறுமியின் உடைக்கும் மண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே பழுப்பு நிறம். தொடுவானத்தை மிக மேலே வைத்திருப்பதால் அவள் உடலின் பெரும்பகுதி வயலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அக்காலக் கண்காட்சிகளில் ஏழைக் குழந்தை என்றால் கண்ணீரோ கன்னக்குழியோ கட்டாயம் இருக்கும். இதில் இரண்டுமே இல்லாதது பெரிய நிம்மதி.

'கிளாஸ்கோ பையன்கள்' என்று பெயரெடுத்த இளம் ஓவியர் குழுவில் ஒருவரான கத்ரி, பின்னாளில் உருவப்பட ஓவியராகப் புகழ்பெற்றார். 1902இல் ராயல் ஸ்காட்டிஷ் அகாடமியின் தலைவரானார்.